இருபது வருஷத்து சி-யும் ஏழு வருஷத்துப் பைதானும்

போன வாரம் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிதாக ஒன்றைப் போட்டு, இயங்குதளத்தையும் புதிதாக நிறுவி, காப்பு நகலில் கிடந்த என் பழைய நிரல்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா மகன் கேட்டான்: "மாமா, புரோகிராம் எழுதப் பழகணும். சி-ல ஆரம்பிக்கவா, பைதான்லயா? எது சுலபம்?" வேறு எந்த நாளில் கேட்டிருந்தாலும் யோசிக்காமல் பைதான் என்றிருப்பேன். அன்றைக்கு, "கொஞ்சம் பொறு, கோபத்தில் இருக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு பைதான் நிரல். 2018-ல் எழுதியது. புகைப்படங்களை எடுத்த தேதிவாரியாகப் பிரித்துக் கோப்புறைகளில் போடும், அவ்வளவுதான். ஓட்டினேன். பைதானோடு வரும் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றைக் கேட்கும் முதல் வரியிலேயே நின்றது. கலெக்‌ஷன்ஸிலிருந்து மேப்பிங் என்ற உறுப்பை எடுக்க முடியாதாம், 3.10 பதிப்பிலிருந்து அதற்குப் புது முகவரிதான் உண்டு. சரி, மாற்றினேன். அடுத்து டிஸ்ட்யுடில்ஸ் இல்லை என்றது. 3.12-ல் அந்த நூலகத்தையே தூக்கிவிட்டார்கள். கோப்புறையை அப்படியே நகலெடுக்க அதைத்தான் நம்பியிருந்தேன். ஏனென்றால் அந்தக் காலத்தில் ஷுடில் என்ற இன்னொரு நூலகம் செய்யும் நகல், போய்ச் சேரும் கோப்புறை ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும். 3.8-ல் அதைச் சரிசெய்துவிட்டார்கள், நான்தான் கவனிக்கவில்லை. அதையும் மாற்றியாயிற்று. கடைசியில் படத்தைத் திறக்கும் நூலகத்தைப் பிப் என்ற நிறுவுகருவி வழியாக நிறுவப் போனால், 'இந்தப் பைதானை இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது, நீ தொடாதே, தனிச் சூழல் உருவாக்கிக்கொள்' என்ற பொருளில் ஒரு நீண்ட அறிவுரை. தனிச் சூழல் என்றால் அந்த நிரலுக்கென்றே நூலகங்களை வைக்கும் தனிக் கோப்புறை. அறுபது வரி நிரலுக்குத் தனிக்குடித்தனம்!

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் இருக்கிறது, தெரியும். பல வருஷம் முன்னறிவிப்பும் கொடுத்தார்கள். ஆனால் எனக்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நான் ஏன் ஆண்டுதோறும் போய் விசாரிக்க வேண்டும்? 2008-ல் பைதான் 3 வந்தபோது திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போட்டே விரல் தேய்ந்தது. ஐந்தை இரண்டால் வகுத்தால் 2 என்றிருந்தது 2.5 ஆனதில் என் பழைய கணக்குகள் சத்தமில்லாமல் மாறின. அதை மறந்து மன்னித்தவன் நான்.

பைதானை மூடிவிட்டு, வேண்டுமென்றே, 2004-ல் எழுதிய சி நிரல் ஒன்றை எடுத்தேன். உரைக் கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும். 140 வரி. கம்பைல் செய்தால் (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றினால்) ஒரே ஒரு பிழை: ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே அழைத்திருக்கிறேன். பழைய ஜிசிசி கம்பைலர் இதற்கு முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். 14-ஆம் பதிப்பிலிருந்து நிறுத்தியே விடுகிறது. ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெட்டர் கோப்பு ஒன்று மேலே விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்த்தேன். ஓடியது. அன்றைய ஆங்கிலக் கோப்பைக் கொடுத்தால் அன்றைய அதே எண்கள். இருபது வருஷத்துக்கு ஒரு வரி வட்டி. 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி. மனிதர் போய்ச் சேர்ந்தும் பேச்சு மாறவில்லை.

அந்த மிதப்பில் ஒரு தமிழ்க் கோப்பைக் கொடுத்தேன். செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் செத்தது. எந்த வரி, எதனால், ஒன்றும் சொல்லாது. இரண்டே சொல், ஆள் காலி. பிழை தேடும் டீபக்கரைத் திறந்து முக்கால் மணி நேரம் தேடினேன். சொல்லை வைத்துக்கொள்ள 32 பைட் ஒதுக்கியிருக்கிறேன். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப் எட்டு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், புள்ளியும் காலும்கூட, மூன்று பைட். 'பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒரு சொல் வந்தால் எங்கே கொள்ளும்? 'அம்மா'வின் நீளத்தைக் கேட்டால் சி பைட்டை எண்ணி 15 என்கிறது. பைதான் குறியீட்டை எண்ணி 5 என்கிறது. ஸ்விஃப்ட் மொழிதான் நம்மைப் போல மூன்று என்று எண்ணுகிறது. அதே வேலையைப் பைதானில் நாலு வரியில் முடித்தேன், சொல் எவ்வளவு நீண்டாலும் அதற்குக் கவலையில்லை. மூடாத அடைப்புக்குறி ஒன்றை விட்டிருந்தேன். எங்கே திறந்தாய் என்று அந்த இடத்தையே காட்டியது. 3.10-க்கு முன்னால் அடுத்த வரியைக் காட்டிக் குழப்பும்.

ரஸ்ட் மொழியையும் ஆறு மாதம் தொட்டுப் பார்த்திருக்கிறேன். 2015, 2018, 2021, 2024 என்று பதிப்பு பிரித்து, பழைய நிரல் பழைய விதிப்படியே ஓடட்டும் என்று விட்டிருக்கிறார்கள். இந்த மரியாதைதான் நான் கேட்பது. ஆனால் கறாரான அதன் கம்பைலரிடம் தினமும் வாதாடி ஜெயிக்க எனக்குத் தெம்பில்லை, புதிதாகப் பழகுகிறவனை அங்கே அனுப்பவும் மனசில்லை.

ராத்திரி அக்கா மகனைக் கூப்பிட்டு, சி நிரல் இருபது வருஷம் கழித்தும் ஓடியதைப் புகழ்ந்துவிட்டுச் சொன்னேன்: "பைதான்லயே ஆரம்பி. ஆனா முதல் நாளே தனிச் சூழல் போட்டுக்கோ." "சி-ய அவ்ளோ புகழ்ந்தீங்களே மாமா?" என்றான். புகழ்ந்தது உண்மைதான். அப்புறம் டிஸ்க் மறுபடி போனால் என்ன செய்வது என்று தினசரி காப்பு எடுக்க ஒரு நிரல் எழுதினேன். பைதானில், 19 வரி, வெளி நூலகம் எதுவும் இல்லாமல். எந்தப் பதிப்பில் எழுதியது என்று மேலே குறித்து வைத்திருக்கிறேன்.