யிப் யூ சோங் சுவர் ஓவியங்கள், சிங்கப்பூர்: மாமியாரோட ஒரு நாள் நடை

சிங்கப்பூர் வர்றவங்க எல்லாம் முஸ்தஃபா, சென்டோசா, மெர்லயன்னு அதையே பாத்துட்டு ஃபிளைட் ஏறிடுறீங்க, அதான் இத எழுதுறேன். யிப் யூ சோங் சைனாடவுன்ல வளந்தவரு, இருபது வருஷத்துக்கு மேல அக்கவுண்டன்ட்டா ஆபீஸ்ல கணக்கு பாத்துட்டு இருந்த மனுஷன், 2015ல எவர்டன் ரோட்டுல மொத சுவர் ஓவியம் போட்டாரு, 2018ல வேலையவே விட்டுட்டாரு. வரையறது எல்லாம் அந்தந்தத் தெருவுல ஒரு காலத்துல நடந்த பொழப்புதான். குந்தி உக்காந்து துணி தொவைக்கிற வேலைக்கார அம்மா, முடி வெட்டுறவரு, பழைய மளிகைக் கடை.

மொத தடவ காசு கட்டி ஒரு கைடோட போனோம், பேர் வேணாம். "இங்க நில்லுங்க, கைய இப்பிடி வைங்க"ன்னு போட்டோ எடுக்க வச்சதோட சரி, கத ஒண்ணும் சொல்லல, காசு தண்டம். ரெண்டாவது தடவ மன்னார்குடிலேர்ந்து வந்த மாமியார கூட்டிட்டு நாங்களே போனோம், அவுட்ராம் பார்க் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்கி பத்து நிமிஷ நடை, அஞ்சு காசு செலவில்ல.

தியோங் பாருங்கிற ஏரியாவுல கூண்டுப் பறவைங்க படம் இருக்கு, அந்தப் பக்கம் ஒரு காபி கடையோரமா நெஜமாவே கூண்டுங்கள வரிசையா தொங்கவிட்டு பாட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்களாம். இப்ப அங்க சுத்தி பூரா கஃபேதான்.

சைனாடவுன்ல லெட்டர் எழுதிக் குடுக்குற தாத்தா படத்துக்கிட்ட மாமியார் நின்னுட்டாங்க, நகரவே இல்ல. அவங்க அப்பா இங்க ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு, எழுதப் படிக்கத் தெரியாது. "ஊருக்கு வர்ற லெட்டர் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கையெழுத்துல இருக்கும்டி, அப்பா எழுதுனதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்"ன்னாங்க. நான் இதுக்கு முன்னாடி அதே படத்துக்கிட்ட செல்ஃபி எடுத்துட்டுப் போனவ, என்னத்த சொல்ல.

கொறைன்னா, வெயில். அப்புறம் சில எடத்துல ஓவியத்துக்கு முன்னாடியே வண்டிய நிறுத்திடுறாங்க, பாதி படம் லாரிக்குப் பின்னாடி. ஓவியங்களும் பக்கத்து பக்கத்துல இல்ல, மூணு நாலு ஏரியாவுல சிதறிக் கெடக்கு, முட்டி வலி இருக்கறவங்க ஒரே நாள்ல முடிக்க நெனைக்காதீங்க, ரெண்டா பிரிச்சுக்கோங்க.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்க நேரம் இருக்குன்னா ஆமோய் ஸ்ட்ரீட்டுக்கு போங்க. தியான் ஹோக் கெங்ங்கிற சீனக் கோயிலோட பின்பக்க சுவர் முழுக்க சுமார் 40 மீட்டருக்கு, சீனாலேர்ந்து கப்பல்ல வந்து எறங்குன ஹொக்கியன் சனங்க கதைய வரைஞ்சிருக்காரு. சுத்திக்கிட்டு முன்பக்கம் தெலோக் ஆயர் தெருவுக்கு வந்தீங்கன்னா, அதே தெருவுல நம்ம பக்கத்துலேர்ந்து கப்பலேறி வந்த சூலியா முஸ்லிம்கள் 1830 வாக்குல கட்டுன நாகூர் தர்கா நிக்குது. மாமியார் செருப்ப கழட்டிட்டு வாசல்ல ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் டீ குடிக்கவே வந்தாங்க.

அஞ்சுக்கு நாலரை. அந்த அரை, லாரிக்காக.