ஆடுகிற மாடித்தரைக்கு மேலே கான்கிரீட் போட விடாதீர்கள்

பழைய வீட்டில் மர உத்திரத்தின் மேல் நிற்கிற மாடி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தரை நடுவில் தொய்ந்து, நடந்தால் அதிர்கிறது என்று ஆள் கூப்பிட்டால், "மேல மூணு இன்ச் கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டிடலாம், அப்புறம் அசையவே அசையாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் அப்படிச் சொன்ன கான்ட்ராக்டர் 1,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கீழே படுத்துத் தூங்குகிற என் அம்மாவின் தலைக்கு மேல் ஆபத்தை ஏற்றி வைத்துவிட்டுப் போனார்.

கும்பகோணத்தில் தாத்தா கட்டிய வீடு. முன்கட்டு மாடியில் தேக்கு உத்திரங்கள், அதன் மேல் பலகை, அதற்கும் மேல் சுண்ணாம்புக் காரையும் தட்டோடும். யாராவது வேகமாக நடந்தால் பீரோ கண்ணாடி சலசலக்கும். வந்தவர் தரையைக் காலால் இரண்டு தட்டு தட்டினார். உத்திரத்தின் முனைகளைப் பார்க்கவில்லை, சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கான்கிரீட், டைல்ஸ், கரையான் மருந்து, உத்திரங்களுக்கு இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட், கீழே ஃபால்ஸ் சீலிங் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் அதிர்வு குறைந்தது உண்மைதான். ஏமாற்றே அதில்தான் இருக்கிறது. தளத்தில் கனம் ஏறினால் காலடிக்கு அது லேசில் குதிக்காது. ஆனால் உத்திரத்துக்குப் பலம் கொஞ்சமும் கூடியிருக்காது. அந்த அறை 12 அடிக்கு 14 அடி. மூன்று அங்குலக் கான்கிரீட் என்றால் 42 கன அடி, அதாவது டைல்ஸைச் சேர்க்காமலே சுமார் 2,800 கிலோ. அது ஒரு நாள் வந்து போகிற சுமை இல்லை, இரவும் பகலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மரத்தின் மேல் சுமை நிலையாக இருந்தால் அது நாள்பட வளைந்துகொண்டே போகும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. மழைக்காலம் முடிவதற்குள் மாடிக் கதவு இழுத்துச் சாத்த முடியாமல் போனது. சுவரோரம் டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. ஃபால்ஸ் சீலிங்கில் குறுக்காக விரிசல். போன் செய்தால், "புது வேலைன்னா கொஞ்சம் செட்டில் ஆகும் சார்" என்றார். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவரை அழைத்துவந்து சீலிங்கைக் கழற்றினோம். வாசலில் இருந்து பார்த்தால் தெரிகிற உத்திரங்களில் மட்டும் மெல்லிய தகரப்பட்டை ஆணியடித்து, கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தது. மற்றவற்றில் ஒன்றுமே இல்லை. சேனலும் இல்லை, போல்ட்டும் இல்லை. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் அழுத்தினார். ஊறின ரஸ்க்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நடுமரம் கெட்டியாகவே இருந்தது, முனைகள்தான் உளுத்திருந்தன. வெளிப்பக்கம் மழைநீர்க் குழாய் ஒழுகி, சுவர் ஈரம் குடித்திருக்கிறது. போதாததற்கு, சுண்ணாம்புச் சுவரின் மேல் முன்பு எப்போதோ சிமென்ட் பூசியிருந்ததால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. இதையெல்லாம் மூடி மறைக்கத்தான் அந்த ஃபால்ஸ் சீலிங். எனக்கு ஆத்திரம் அடங்காதது இந்த ஒரு விஷயத்தில்தான். சேனலுக்கும் மருந்துக்கும் பணம் வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும், உளுத்த மரத்தை எங்கள் கண்ணில் படாமல் செய்தது பெரிய பாவம்.

சரியான வேலை வேறு மாதிரி நடந்தது. முதலில் கீழே இரும்பு முட்டுக் கொடுத்தார்கள். கான்கிரீட்டை மெஷின் வைத்து உடைக்காமல் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தார்கள். தொய்வை ஜாக்கி வைத்து ஒரே மூச்சில் தூக்கக் கூடாது, சுவரும் காரையும் பிளந்துவிடும். நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். உளுத்த முனைகளை அறுத்து எடுத்து, ஆசாரி புதுத்தேக்கு சேர்த்து, உண்மையான சேனல் வைத்து போல்ட் போட்டார். அறையின் நடுவே உத்திரங்களுக்குக் குறுக்காக ஒரு இரும்பு பீம். அதன் இரு முனைக்கும் சுவரில் கான்கிரீட் படுக்கை. உத்திரத்தின் நீளம் பாதியானால் அதே சுமைக்கு வளைவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்றார் இன்ஜினியர். அதிர்வுக்கு மருந்து அங்கே இருக்கிறது. மரத்தின் மேல் கான்கிரீட் போடுகிற முறையும் உண்டுதான். அதற்கு இரண்டையும் பிணைக்கிற ஸ்க்ரூ வேண்டும், கணக்குப் போட்ட வரைபடம் வேண்டும். எங்கள் மாடியில் அடியில் பாலித்தீன் விரித்து மேலே கொட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் யாரை அழைத்தாலும் உத்திர முனையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒழுகுகிற குழாயையும் சுவரின் ஈரத்தையும் முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். மறைந்துபோகிற வேலை எதுவானாலும், மூடுவதற்கு முன் போட்டோ எடுக்காமல் அடுத்த தவணைப் பணம் தராதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கையால் எழுதிய எஸ்டிமேட், வங்கிக் கணக்கில் பணம் போன விவரம், ஆணியோடு கழற்றிய தகரப்பட்டை, இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட அறிக்கை எல்லாவற்றையும் வைத்து நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம்.