300 சில்லுப் பெட்டி: பெட்டிக்கு மூன்று நட்சத்திரம், கணக்கு சாருக்கு ஐந்து

தக்கலையில் எங்கள் வீட்டு முன்பக்கத் தார்சாவில் ஞாயிறு சாயங்காலம் போக்கர் நடக்கிறது என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். இங்கே சீட்டு என்றால் இருபத்தெட்டு, ஆள் கூடினால் ஐம்பத்தாறு, கல்யாண வீட்டில் ரம்மி, அவ்வளவுதான். நான் மட்டும் இரண்டு வருடமாக போனில் ஒரு ஆப்பில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தேன், காசு வைத்துத்தான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு ஆன்லைன் காசு விளையாட்டையெல்லாம் நிறுத்தியதும் அதுவும் நின்றது. உள்ளே கிடந்த மிச்சக் காசை வெளியே எடுத்த கதை தனிக் கதை, அது வேண்டாம். கை சும்மா இருக்கவில்லை, அதனால் போக்கரில் காசுக்குப் பதிலாக வைக்கிற சில்லுகள் அடங்கிய இந்த அலுமினியப் பெட்டியை 2,350 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏன் என்று கீழே தெரியும்.

பெட்டியைத் திறந்தால் வெள்ளை 100, சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு தலா 50, இரண்டு கட்டு சீட்டு, ஐந்து தாயக்கட்டை, டீலர் என்று எழுதிய ஒரு வட்டம். தாயக்கட்டை எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை, அக்கா பிள்ளைகள் எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு சில்லு 11.5 கிராம் என்று அட்டையில் போட்டிருந்தது. நான் விடுவேனா, பத்துச் சில்லை எண்ணி எடுத்துக்கொண்டு தெருமுனைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தேன், 112 கிராம் காட்டியது. பரவாயில்லை. அந்த எடையே பிளாஸ்டிக்குக்குள் வைத்திருக்கும் இரும்பு வட்டில் வருவது, காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். ஆனாலும் கையில் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று விடும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, அதற்கே ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம். போனில் ஆடும்போது அதே சத்தத்தைப் போலியாகப் போட்டிருப்பார்கள், அசலைக் கேட்ட பிறகுதான் அது எவ்வளவு போலி என்று தெரிந்தது.

குறை என்னவென்றால் பச்சை 49 தான் இருந்தது. எழுதிக் கேட்டேன், படம் அனுப்பச் சொன்னார்கள், இல்லாத சில்லை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. சில்லு அடுக்கி வைக்கும் உள் தட்டு மூன்றாவது வாரமே ஓரத்தில் விரிந்துவிட்டது. சீட்டைப் பற்றிப் பேசவே கூடாது. மேலே பளபளப்பு, உள்ளே வெறும் காகிதம். இங்கே ஆனி ஆடியில் சாரல் பிடித்தால் அப்பளமே நமத்துப் போகும், இந்தச் சீட்டு இரண்டு ஞாயிறில் ஓலை மாதிரி வளைந்து போனது. அதோடு எங்கள் ஆட்கள் நேந்திரங்காய் சிப்ஸைத் தின்ற கையோடு சீட்டைத் தொடுகிறவர்கள். (முதல் நாள் நான் உள்ளே பார்த்து, சிப்ஸை எடுத்து வாடே என்று தம்பியிடம் சொல்ல, அவன் டப்பாவோடு நேந்திரங்காயைக் கொண்டு வந்தான். அன்றிலிருந்து இது சில்லு, அது சிப்ஸ்.) எண்ணெய்க் கறை பட்ட இஸ்பேட் ராணியை முதுகைப் பார்த்தே எல்லாருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. முழு பிளாஸ்டிக் சீட்டு இரண்டு கட்டு தனியாக வாங்கினேன், ஈரத்துணியால் துடைத்தால் போதும். நீங்களும் அதற்கு ஒரு காசு ஒதுக்கி வையுங்கள்.

ஆறு பேருக்குப் பிரிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அட்டையில் அது இல்லை. ஆளுக்கு வெள்ளை 16, சிவப்பு 8, நீலம் 8, பச்சை 8. வெள்ளை ஒன்று, சிவப்பு ஐந்து, நீலம் பத்து, பச்சை இருபத்தைந்து என்று வைத்தால் ஆளுக்கு 336 வரும். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கிற சில்லு, ஒன்று, இரண்டு என்று வைத்தால் ஒரு சாயங்காலம் தாராளமாக ஓடும். கறுப்பு பெட்டியிலேயே தூங்குகிறது. காசு கிடையாது, அது முதல் நாளே பேசியது.

சரி, பெட்டி இவ்வளவுதான். ஆனால் இந்தப் பெட்டி உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது பெட்டியில் இல்லை, எதிரில் யார் உட்காருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆப்பில் ஆடிய காலத்தில் எதிரில் யார் என்பதையெல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாம். மேசைப் பட்டியலில் ஒவ்வொரு மேசைக்கும் எத்தனை சதவீதம் பேர் கையில் வந்த இரண்டு சீட்டை மடிக்காமல் ஃபிளாப், அதாவது எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விழும் முதல் மூன்று சீட்டு, பார்க்கிறார்கள் என்று காட்டும். அந்த எண் கூடுதலாக இருந்தால் கண்ட சீட்டோடும் உள்ளே வருகிற ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அங்கே போய் உட்காருவதுதான் புத்தி. தோற்கிற ஆள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு வழியும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பந்தயக் காசான பாட்டிலிருந்து கம்பெனி சில சதவீதத்தை உருவிவிடும், அதனால் சம பலமுள்ள இரண்டு பேர் நாள் முழுக்க ஆடினால் இரண்டு பேரும் தோற்பார்கள், கம்பெனி மட்டும் ஜெயிக்கும். உலகத்தில் ஆறாவது இடத்தில் இருக்கிற ஆட்டக்காரன் முதல் ஐந்து பேரோடு உட்கார்ந்தால் அந்த மேசையில் ஏமாளி அவன்தான்.

தார்சாவில் பட்டியல் கிடையாது. வருகிறவர்கள்தான் வருவார்கள்: அம்மாவின் தம்பி மாமா, குளச்சலில் இருந்து அத்தான், சித்தப்பா மகன், மழை பெய்தால் ரப்பர் பால்வெட்டு இல்லாமல் குலசேகரத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கும் என் கூட்டுகாரன் ஒருத்தன், அப்புறம் அடுத்த தெருவில் இருக்கும், ரிட்டயர்ட் ஆன கணக்கு வாத்தியார்.

மாமாவிடமிருந்து தொடங்கலாம். ஆப்பில் இருந்திருந்தால் மாமாவுக்கு இரண்டு பச்சைப் புள்ளி வைத்திருப்பேன். எந்தச் சீட்டு வந்தாலும் கால் பண்ணுவார், அதாவது எதிராளி வைத்த அளவைத் தானும் வைத்து உள்ளே இருப்பார், கேட்டால் ஒரே பதில்தான்: "பாக்கத்தானே மக்கா வந்திருக்கேன்." இப்படிப்பட்டவரிடம் ஜெயிப்பது சுலபம் என்று நினைத்தேன். கையில் இரண்டு ஏஸ் வருவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. நாங்கள் மணிக்குப் பதினைந்து ஆட்டம் போட்டாலே பெரிது, அப்படிப் பார்த்தால் நாலு மணி நேரம் ஆடினாலும் மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்தது. நான் ஆசையில் வெறும் ஆறு மட்டும் வைத்தேன், யாரும் ஓடிவிடக் கூடாதே என்று. மாமா வந்தார், மாமா வந்ததைப் பார்த்து அத்தான் வந்தார், அப்புறம் எல்லாருமே வந்துவிட்டார்கள். ஒரே ஒரு ஆளுக்கு எதிராக இரண்டு ஏஸ் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும், கண்டதையும் வைத்துக்கொண்டு ஐந்து பேர் கூட வந்தால் அதே ஏஸ் பாதிக்கும் சற்றுக் கீழே போய்விடும். மாமா கையில் கிளாவர் ஏழும் டைமன் நாலும். நடுவில் ஏழும் வந்தது, நாலும் வந்தது, அவருக்கு இரண்டு ஜோடி, எனக்கு ஒன்றுதான். சில்லை இரண்டு கையாலும் வாரி மடியில் போட்டுக்கொண்டார், அடுக்கி வைக்கக்கூட இல்லை.

இது என் தப்பு, மாமா தப்பு இல்லை. பலவீனமான ஆளிடம் தந்திரம் பண்ணக் கூடாது, நல்ல சீட்டு வந்தால் கூசாமல் பெரிதாக வைக்க வேண்டும், அவர் எப்படியும் கொடுப்பார். அதே மாதிரி அவரிடம் பிளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் பெரிதாக வைத்து மிரட்டுவது) பண்ணவே கூடாது, அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நடுவில் மூன்று ஆட்டின் விழுந்து கிடந்தது, என்னிடம் ஒன்றுமில்லை, ஐந்து சீட்டும் ஒரே இனமாகச் சேர்ந்து ஃப்ளஷ் அடித்தவன் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு நாலு பச்சையைத் தள்ளினேன். மாமா ஒரே ஒரு ஜோடி ஆறோடு கால் பண்ணினார். மூணு ஆட்டின் கிடக்கே மாமா, பயமா இல்லையா என்று கேட்டேன். "எங்க கிடக்கு?" என்று குனிந்து பார்த்தார். பார்க்காத ஒன்றைக் காட்டி ஒருவரைப் பயமுறுத்த முடியாது.

2003 உலகப் போக்கர் போட்டியில் டென்னசியைச் சேர்ந்த மனிமேக்கர் என்கிற கணக்கர் 25 லட்சம் டாலர் ஜெயித்த கதையை ஒருநாள் மாமாவுக்குச் சொன்னேன். கடைசியில் சாம் ஃபர்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரர் எதிரில், மனிமேக்கர் கையில் வெறும் கிங், ஜோடிகூட இல்லை, மொத்தச் சில்லையும் உள்ளே தள்ளினார். ஃபர்ஹாவிடம் ஒரு ஜோடி ஒன்பது இருந்தது, ரொம்ப நேரம் யோசித்துவிட்டு சீட்டை மடித்து விலகிவிட்டார். மாமா மனிமேக்கரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "ஒன்பது ஜோடியப் போயி மடக்குவானா, கூறு கெட்டவன்" என்றார். எதிரில் எங்கள் மாமா உட்கார்ந்திருந்தால் மனிமேக்கர் பழையபடி கணக்கு எழுதத்தான் போயிருப்பார். பிளஃப் புத்திசாலியிடம் மட்டும்தான் செல்லும்.

அந்தப் புத்திசாலி எங்கள் மேசையில் கணக்கு சார். முதல் இரண்டு வாரம் திணறினார், ஏனென்றால் நாற்பது வருட இருபத்தெட்டுப் பழக்கம். அதில் ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸும் பத்தும் ஒன்று ஒன்று, ராஜாவும் ராணியும் வெறும் ஆள். ஜாக்கி கையில் வந்தால் அவர் முகம் தானாக மலரும், நாங்களும் பயந்து மடிப்போம், கடைசியில் ஒன்றும் இருக்காது. மூன்றாவது வாரம் எல்லாம் மாறிவிட்டது. பாதிக்கு மேல் ஆட்டத்தில் சீட்டை ஒரு விரலால் முன்னால் தள்ளிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உள்ளே வந்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். அவரிடம் நான் செய்த பிளஃப் மூன்று தடவை செல்லுபடியானது, நாலாவது தடவை சிரித்துக்கொண்டே கால் பண்ணி என் எண்பதையும் எடுத்துக்கொண்டார். எப்படி சார் என்று கேட்டதற்கு, நல்ல சீட்டு இருந்தால் நான் சில்லை வீசுகிறேனாம், பொய்யென்றால் அடுக்கி, ஓரம் சமன் பண்ணி, பெருவிரலால் தடவி, அப்புறம்தான் தள்ளுகிறேனாம். இரண்டு வருடம் ஆப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, அங்கே பட்டனை அழுத்துகிறவனின் பெருவிரல் யாருக்குத் தெரியும். 2,350 ரூபாய்க்கு இந்தப் பெட்டி கொடுத்த நல்ல விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதனால் நல்ல ஆட்டக்காரரோடு மட்டும் ஆடினால் போதுமா என்றால் அதுவும் சலிக்கும். ஒரு ஞாயிறு ஊரில் கல்யாணம், மாமாவும் மற்றவர்களும் இல்லை, சாரும் நானும் மட்டும் இரண்டு மணி நேரம் ஆடினோம். மடி, மடி, செக், மடி. பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. 2017ல் பிட்ஸ்பர்க்கில் லிப்ரேட்டஸ் என்ற கம்ப்யூட்டர் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. எதிராளி யாராக இருந்தாலும் தன் ஆட்டத்தில் ஓட்டை விடாமல் ஆடுவதுதான் அதன் வழி. அருமையான வழிதான். ஆனால் மாமா எதிரில் இருக்கும்போது ஓட்டை அடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் மடியிலிருந்து கொட்டுகிற சில்லை யார் பொறுக்குவது?

காசு இல்லாமல் ஆடினால் எல்லாருமே மாமா ஆகிவிடுவார்கள், அது இந்தப் பெட்டியின் பெரிய ஆபத்து. இரண்டாவது வாரம் அத்தான்கூட சீட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். சார்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தார், ஒவ்வொரு வாரமும் யாரிடம் எத்தனை சில்லு மிச்சம் என்று சிவப்பு மையில் எழுதுகிறார், மாதக் கடைசியில் கீழே இருக்கிறவர் எல்லாருக்கும் சாயா போட்டு கிளாஸும் கழுவ வேண்டும். இருபத்தெட்டில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுகிற மாதிரி. நம்ப மாட்டீர்கள், ஒரு மாதம் கிளாஸ் கழுவியதும் அத்தான் சீட்டை மடிக்கப் படித்துவிட்டார்.

வாங்கலாமா என்று கேட்டால், ஆறு பேர் கூடுவார்கள், அதில் சார் மாதிரி ஒருத்தராவது இருப்பார் என்றால் வாங்குங்கள். மூன்று பேர்தான் என்றால் எதற்கு இந்த நாலு கிலோ, புளியமுத்து போதும். வந்த அன்றே சில்லை எண்ணிப் பாருங்கள், திறக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள்.

போன ஞாயிறு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மாமா போன மாதம் நோட்டில் கடைசி, கிளாஸ் கழுவியது மாமியின் முன்னால், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. நடுவில் மூன்று இஸ்பேட், என்னிடம் ஒன்றுமே இல்லை, பழைய கணக்கை மறந்து, சில்லை அடுக்காமல் அப்படியே வீசினேன். மாமா குனிந்து இஸ்பேட்டை எண்ணினார். என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுச் சீட்டைக் கவிழ்க்காமல் மல்லாக்கவே போட்டு மடித்தார். மூன்று பத்து.

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்லா இருந்த மனுசனைக் கெடுத்திட்டியேடே" என்றார். பாட்டை வாரும்போது பார்த்தேன், ஐம்பதாவது பச்சைக்குப் பதிலாக நாங்கள் வைத்திருக்கும் சோடா மூடியும் அதற்குள் கிடந்தது.