சூடோ கட்டளை: பல வருஷம் புழங்கிய அனுபவம்

மதுரை கீழமாசி வீதியில் சில மளிகை மொத்தக் கடைகளின் பில்லிங் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம்தான். டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் திரையைத் திறந்தால் முதலில் அடிப்பது சூடோ: சாதாரணக் கணக்கிலிருந்தே நிர்வாகி அதிகாரத்தோடு வேலை செய்ய விடும் கட்டளை. உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் மாட்டேன்.

மின்டில் பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரக் குறி விழும். அது இல்லாத மெஷினில் கடைப் பையன் உடனே போன் போடுவான்: "அண்ணே, கீபோர்டு செத்துப்போச்சு, எழுத்தே விழ மாட்டேங்குது!" அதனால் அந்த வசதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வினை அதற்குள்ளேயே இருந்தது. அடித்த வரியை மொத்தமாக அழிக்கும்போது சூடோ திரையில் உள்ள நட்சத்திரங்களையும் அழிக்கப் பார்க்கும். அது தோற்றுப்போனால், பஃபரில் (அடித்த எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) இடம் முழுசாகக் காலி என்று கணக்கு மாறும். எழுதும் இடமோ பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்து வரும் எழுத்துகள் எல்லை தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் போய் விழும். 2020 ஜனவரியில் 1.8.31 பதிப்பில் சரிசெய்தார்கள்.

அடுத்த வருஷம் அதைவிடப் பெரிசு. 2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள் வெளியிட்ட 'பேரன் சாமெடிட்' (Baron Samedit) என்ற ஓட்டை. சூடோவோடு வரும் 'சூடோஎடிட் -எஸ்' கட்டளையின் கடைசியில் தனியாக ஒரு பின்சாய்வுக்கோடு (\) வந்தால் போதும், ஹீப் என்ற நினைவகப் பகுதியில் உள்ள பஃபர் வழிந்துவிடும். 2011-லிருந்து இருந்த ஓட்டை. சூடோ உரிமையே தராத சாதாரணக் கணக்கிலிருந்தும் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகி, ஆகிவிடலாம் என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. நம் கடைகளில் கல்லாவில் உட்காருகிறவர் எல்லோருக்கும் ஒரே லாகின்!

பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூடோவை உருவாக்குகிறவர்களின் மூல வெளியீட்டில் திருத்தம் வந்தது 1.9.5பி2-வில். உபுண்டு 20.04 என்ற இன்னொரு லினக்ஸ் வகையிலோ 1.8.31 என்ற பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்துவிட்டார்கள். ரூட் அல்லாத கணக்கில் 'சூடோஎடிட் -எஸ் /' என்று ஆங்கில எழுத்தில் (sudoedit -s /) அடித்துப் பாருங்கள். பதில் 'யூசேஜ்' (usage) என்று தொடங்கினால் திருத்தம் ஏறிவிட்டது. 'சூடோஎடிட்' என்று தொடங்கினால் ஓட்டை அப்படியே இருக்கிறது.

"தீபாவளி யாவாரம் தம்பி, மெஷினை நிறுத்தாதீங்க" என்று முதலாளிகள் தடுப்பார்கள். சூடோவை அப்டேட் செய்ய ரீஸ்டார்ட் தேவையில்லை, பில் ஓடிக்கொண்டே இருக்கும்போதே ஏற்றிவிடலாம்.