பழைய வேக்குவம் கிளீனரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் அதன் பெல்ட்டைப் பாருங்கள்

வீட்டுக்கே வந்து டெமோ காட்டி, பழைய வேக்குவம் கிளீனரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு புதுசை விற்கும் ஆட்களிடம் உஷாராக இருங்கள். எங்கள் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினை அப்படித்தான் வாங்கிக்கொண்டு, கார்பெட்டில் அதில் பாதி வேலைகூடச் செய்யாத ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். கம்பெனி பெயரைப் போடப்போவதில்லை, வம்பு வேண்டாம். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் போதும், யார் வந்தாலும் பிடித்துவிடலாம்.

எங்களுடையது நின்றுகொண்டே தள்ளும் அப்ரைட் வகை, பின்னால் துணிப்பை தொங்கும் பழைய மாடல். சேல்ஸ்மேன் முதலில் அதைக் கார்பெட்டின் ஒரு இடத்தில் ஓட்டினார். அப்புறம் அதே இடத்தில் அவருடையதை ஓட்டினார், குழாய்க்கு நடுவே ஒரு வெள்ளை வடிகட்டித் துணியை வைத்து. துணியை எடுத்துக் காட்டினால் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருக்கிறது. "பாருங்க மேடம், இவ்வளவு நாளா குழந்தைங்க இதுமேலதான் விளையாடிட்டு இருந்திருக்காங்க" என்று ஒரு போடு போட்டார். கார்பெட் ஒருமுறை ஓட்டியதும் சுத்தமாகிவிடும் பொருள் இல்லை, இழைகளுக்கு அடியில் இறங்கிய மண் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலே வரும். அதனால் இரண்டாவதாக எந்த மெஷின் ஓடினாலும் எதையாவது எடுத்துக் காட்டும். சரி, இப்போது உங்களுடையது ஓடிய இடத்தில் எங்களுடையதை இன்னொருமுறை ஓட்டுங்கள் என்று கேட்டேன். "அதான் கண்ணாலயே பாத்துட்டீங்களே மேடம்" என்று சொல்லிக்கொண்டே ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

இதைவிடப் பெரிய திருட்டுத்தனம் பெல்ட். பழைய அப்ரைட்களில் மோட்டார் தண்டிலிருந்து அடியில் இருக்கும் பிரஷ் ரோலருக்கு ஒரு ரப்பர் பெல்ட் போகும். நாளாக நாளாக அது தளரும். மோட்டார் சத்தம் பழையபடியே இருக்கும், காற்றில் தூக்கிப் பிடித்தால் ரோலர்கூடச் சுற்றும், ஆனால் கார்பெட்டில் வைத்து அழுத்தியதும் ரோலர் திணறி நின்றுவிடும். மண்ணை அடித்துக் கிளப்புவதே அந்த ரோலர்தான், அது நின்றால் மேலோட்டமான குப்பைதான் வரும். அந்த ஆள் எங்கள் மெஷினைத் திருப்பிப் போட்டு, அடித்தட்டை எடுத்து, பெல்ட்டைச் சுண்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடி, "மோட்டார் வீக் ஆயிடுச்சு" என்றார். மெஷினிலேயே மலிவான பாகம் அந்த பெல்ட்தான். தெரியாமல் சொன்னார் என்று நான் நம்பவில்லை.

கடைசியாகக் குழாய் முனையில் ஒரு கனமான இரும்புக் குண்டை ஒட்டவைத்துத் தூக்கிக் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது குழாய் முழுவதும் அடைபட்டிருக்கும்போது உண்டாகும் இழுப்பு, அப்போது உள்ளே காற்றே ஓடவில்லை. மண்ணைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. பழைய மாடல்களில் மோட்டார் பலம் குறைவாக இருந்தாலும், அழுக்கு நேரே விசிறி வழியாகப் பைக்குள் போகும், பாதை குட்டை, காற்றோட்டம் அதிகம். (கல்லோ நாணயமோ போனால் விசிறி இறக்கை உடையும், அது வேறு கதை.)

புதுசின் லட்சணத்தைக் கேளுங்கள். இழை உயரமான கார்பெட்டில் வைத்தால் தலைப்பகுதி அப்படியே ஒட்டிக்கொள்கிறது, இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விடும். பழையதில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருந்தது, இதில் 'தானாகவே சரிசெய்துகொள்ளும்' என்று போட்டிருக்கிறார்கள், செய்துகொள்ளவில்லை. நுண்ணிய மண் ஃபில்டரில் அடைத்து இழுப்பு குறைகிறது. கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும், ஈரத்தோடு போட்டால் மோட்டாருக்கு ஆபத்து. பெல்ட் மட்டும் தனியாகக் கிடைக்காதாம், மொத்தத் தலைப்பகுதியையும் மாற்றவேண்டுமாம்.

நாத்தனார் வீட்டில் எங்களுடைய அதே பழைய மாடல் இருந்தது. புது பெல்ட், புதுப் பை போட்டுக் கொண்டுவந்து, கார்பெட்டை நடுவில் டேப் ஒட்டிப் பிரித்தோம். ஒரு பாதியில் புதுசு முதலில், பழசு பின்னால். மறுபாதியில் நேர்மாறாக. புதுசு ஓடிய பாதியில் பழசு எடுத்த மண்ணை நியூஸ்பேப்பரில் கொட்டினால் விரலில் நெருடுகிற மாதிரி ஒரு குவியல். பழசு முதலில் ஓடிய பாதியில் புதுசின் டப்பாவில் கொஞ்சம் பஞ்சும் முடியும், அவ்வளவுதான்.

போன் போட்டுக் கேட்டால், "ஃபில்டரைச் சரியா மெயின்டெயின் பண்ணல, வாரண்டியில வராது." பழைய மெஷினையாவது திருப்பிக் கொடுங்கள் என்றால், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

புதுசு எல்லாமே குப்பை என்று சொல்லவில்லை. பழைய துணிப்பை வழியாக நுண்தூசி அறைக்குள் கசியும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி இருந்தால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளது நல்லது. ஆனால் மெஷினின் உடம்பு முழுக்கக் காற்றுக் கசியாமல் மூடியிருந்தால்தான் அந்த ஃபில்டருக்கு மதிப்பு. பை இல்லாத வகையில் டப்பாவைக் கொட்டும்போது பாதி தூசி முகத்துக்கே திரும்பி வரும், அதை டெமோவில் யாரும் காட்டமாட்டார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது மெஷின் தின்னும் மின்சாரம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் 1600 வாட், 2017-ல் 900 வாட் என்று உச்சவரம்பே வைத்தது. அங்கே மெஷின்களில் ஒட்டப்பட்ட எனர்ஜி லேபிளை 2018-ல் நீதிமன்றம் ரத்து செய்தது, காரணம் சோதனையைக் காலி டப்பாவோடு நடத்தினார்கள் என்பதுதான். லேபிளே அந்த லட்சணம் என்றால் சேல்ஸ்மேன் பேச்சை என்னவென்று சொல்ல.

டெமோவுக்குச் சம்மதிக்கிறீர்கள் என்றால் அதற்கு முன்னாலேயே உங்கள் மெஷினுக்குப் புது பெல்ட், புதுப் பை போட்டு, ரோலரில் சுற்றியிருக்கும் முடியை வெட்டி எடுத்துவிடுங்கள். அவர் மெஷினை முதலில் ஓட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அங்கேயே விஷயம் முடிந்தது. வாங்கினாலும் பழையதை உடனே கொடுக்காதீர்கள்.

துணிப்பை வைத்த பழைய அப்ரைட் யாராவது தூக்கிப் போடப்போகிறீர்கள் என்றால் எனக்குச் சொல்லுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலும் பரவாயில்லை.