மானியா, வாட்ஸ்அப்பா? மட்டக்களப்பு வெள்ளத்தைக் கண்டுபிடிக்க எது தோது

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் வெள்ளச் செய்தி இரண்டு வழியாக வரும். ஒன்று கருவி வழி: நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கும் நீர்மட்டம், வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைமானி, மேலே சுற்றும் செய்மதி. மற்றது ஆள் வழி: பேஸ்புக் பதிவு, ஊர் வாட்ஸ்அப் குழுவில் விழும் வீடியோ. ஆராய்ச்சிக்காரர்கள் முதலாவதைப் பௌதிக உணரி என்றும் மற்றதைச் சமூக உணரி என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் தனித்தனியே நம்பலாம், சேர்த்தும் பார்க்கலாம்.

முதலில் கருவி. இரவு, மின்வெட்டு, அரசியல் எதுவும் அதைக் குழப்பாது. ஆனால் நகரத்து மழைமானி நகரத்து மழையைத்தான் சொல்லும். இங்கே வெள்ளம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவது. அங்கே பெய்த மழையில் குளங்கள் நிரம்பி வான் பாய, தண்ணீர் வாவிக்குள் இறங்கும். சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்குக் கடல் வாசல் இரண்டே இடத்தில்தான், பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாறும். மணல்திட்டு அடைத்திருந்தால், நகரத்தில் வெயில் அடிக்கும்போதுகூட வாவி ஏறும். செய்மதி மழைத் தரவின் ஒரு கட்டம் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் அகலம், அதிலும் வேகமான பதிப்பே நாலு மணித்தியாலம் பிந்தித்தான் வரும். காத்தான்குடியும் வாவிக்கு அப்பால் படுவான்கரையும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

எந்த ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது என்பதைக் கருவி சொல்லாது. 2024 நவம்பர் 26 அன்று பக்கத்து அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. பல பிள்ளைகள் உயிரிழந்தார்கள். மாவட்டம் முழுக்க மழை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த நாள் அது. அந்த வீதியில் அந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் என்பது அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

அப்படியானால் ஆட்களை மட்டும் நம்பலாமா? ஜப்பானில் அது நன்றாகவே வேலை செய்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய அதிர்வுச் செறிவு அளவுகோலில் 3உம் அதற்கு மேலுமான நிலநடுக்கங்களில் 96 சதவீதத்தை ட்விட்டர் பதிவுகளை வைத்தே கண்டுபிடித்தார்கள். நிலநடுக்கம் எல்லோரையும் ஒரே நொடியில் ஆட்டுகிறது, எல்லோரும் அதே சொல்லை எழுதுகிறார்கள். வெள்ளம் அப்படியில்லை, மெதுவாக ஏறும். அதற்குள் 2011 ஜனவரி வெள்ளத்தின் படங்களை யாராவது ‘இப்போது’ என்று போட்டுவிடுவார். இடப்பெயரும் சிக்கல். மாவடிப்பள்ளி, மாவடிவேம்பு, மாவடிமுன்மாரி மூன்றும் வேறு வேறு ஊர்கள். ‘கல்லாற்றில் தண்ணி’ என்றால் பெரியகல்லாறா, கோட்டைக்கல்லாறா? உள்ளூர் ஆளுக்குச் சந்தர்ப்பத்தை வைத்துப் புரியும், கணினி நிரலுக்குப் புரியாது.

இதைவிடப் பாரதூரமானது பொய். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மாவுக்கட்டி தவிர அதில் எதுவும் இல்லை என்று பரிசோதனை முடிவு பிறகுதான் வந்தது. பதிவுகளை எண்ணும் எந்த இயந்திரமும் அன்று அந்தப் பொய்க்கு அதிக புள்ளி கொடுத்திருக்கும். அடுத்த மாதம் கண்டிக் கலவரத்தின்போது அரசாங்கம் சமூக ஊடகங்களையே முடக்கியது. ஒரே உத்தரவில் முழு உணரி வலையையும் அணைத்துவிடலாம் என்றால், அதை மட்டும் நம்பி எச்சரிக்கை அமைப்பு கட்டுவது சரிவராது.

சேர்ப்பதிலும் இரண்டு விதம் உண்டு. அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் 2014 வாக்கில் உருவான, மண்சரிவைக் கண்டுபிடிக்கும் லிட்மஸ் என்ற அமைப்பு எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டது. மண்சரிவை உலகளவில் நேரே அளக்கும் கருவி இல்லாததால், நில அதிர்வுத் தரவு, டிஆர்எம்எம் செய்மதியின் மழை, ட்விட்டர், இன்ஸ்டாகிராம், யூடியூப் பதிவுகள் ஆகியவற்றை எடுத்து, பூமியைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் புள்ளி போட்டார்கள். மலைநாட்டு மண்சரிவுக்கு இது பொருந்தும். நம்முடைய தட்டையான கரையோரத்துக்கு நான் அதை எடுக்கமாட்டேன். தமிழில் இடம் குறித்து எழுதப்படும் திறந்த பதிவுகள் இங்கே குறைவு. பெரும்பகுதி வாட்ஸ்அப் குழுக்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. தராசின் ஒரு தட்டு எப்போதும் காலியாகவே இருக்கும்.

எனக்குச் சரியாகப் படுவது அடுக்கு முறை. குளத்தின் வான்கதவு, வாவி மட்டம், முகத்துவாரம் இவற்றின் அளவு ஒரு எல்லையைத் தாண்டியதும், அந்தப் பக்கத்துக் கிராம சேவகர், மீன்பிடிச் சங்கம், பள்ளிவாசல், கோயில் நிர்வாகம் ஆகியோரிடம் போய்க் கேட்பது. எப்போது என்பதைக் கருவி சொல்லட்டும், எங்கே என்பதை ஆட்கள் சொல்லட்டும். கேள்வி கருவிப் பக்கத்திலிருந்து போவதால் பழைய படமும் வதந்தியும் நுழைய இடம் குறைவு.

சுனாமிக்கு இந்த வரிசை ஓரளவு மாறும். 2004இல் சுமாத்திரா அதிர்வுக்கும் கிழக்குக் கரையில் அலை அடித்ததற்கும் இடையில் சுமார் இரண்டு மணித்தியாலம் இருந்தது, இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்புத்தான் இல்லை. நமக்கு அங்கே கருவிதான் கதி, ஆட்களின் தகவல் உதவுவது அலை பிந்திச் சேரும் தெற்கு, மேற்குக் கரைகளுக்கு. படுவான்கரையில் இரவில் யானை ஊருக்குள் வந்தால் கதை மறுபக்கம்: மானி எதுவும் கிடையாது, குழுவில் வரும் குரல் பதிவு மட்டுமே.

அடுக்கு முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. தொலைபேசிக் கோபுரம் விழுந்து, கைபேசி செத்துப்போன ஊரிலிருந்து பதிலே வராது. அந்த மௌனத்தைப் பூச்சியமாகக் கணக்கிட்டால் மிக மோசமாக அடிபட்ட இடம் வரைபடத்தில் பச்சையாகத் தெரியும். அளவு எல்லை தாண்டி, அரை மணித்தியாலத்தில் பதிலும் இல்லாவிட்டால், படகை முதலில் அங்கேதான் அனுப்ப வேண்டும்.