மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய லோகன்

என்னிடம் இருப்பது 2008-இல் வாங்கிய மஹிந்திரா ரெனால்ட் லோகன், டீசல். டி.என். 72 பதிவு. மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. திருநெல்வேலி டவுனில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வீட்டுக்கும் தொழிலுக்கும் இது ஒன்றுதான் வண்டி. "இன்னுமா அண்ணாச்சி இதை வச்சிருக்கீங்க?" என்று மண்டபத்து வாசலில் யாராவது கேட்காத முகூர்த்தம் கிடையாது. அவர்களுக்கும், பழைய லோகனோ வெரிட்டோவோ விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இது பிரான்ஸ் நாட்டு ரெனால்ட் கம்பெனி தன் ருமேனியக் கிளையான டாசியாவுக்காக வடிவமைத்த கார். 2004-இல் அங்கே வந்தது. 5000 யூரோவுக்கு ஒரு குடும்பக் கார் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. 2007-இல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், தயாரிப்பு நாசிக்கில். 2010-இல் ரெனால்ட் கூட்டிலிருந்து விலகியது. 2011-இல் அதே காருக்கு மஹிந்திரா வெரிட்டோ என்று பெயர் வைத்தது. முகப்பில் சில மாற்றங்கள் உண்டே தவிர, உள்ளே இருக்கிற எலும்பும் சதையும் ஒன்றுதான். அதனால் ஸ்பேர்ஸ் கடையில் லோகன் என்று கேட்டு "இல்லை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள், வெரிட்டோ என்று கேளுங்கள்.

விலையைக் குறைக்க அவர்கள் செய்த காரியங்கள்தான் இன்றைக்கு என்னைக் காப்பாற்றுகின்றன. வடிவமைத்தபோதே இடது வலது பக்கக் கண்ணாடிகளுக்கு ஒரே அச்சு போதும் என்று வைத்தார்கள். முன் கண்ணாடியை அதிகம் வளைக்கவில்லை. கெட்டுப்போகிற மாதிரி நுணுக்கமான சாமான் உள்ளே குறைவு. புது கார்களில் ஒரு சென்சார் போனால் லேப்டாப் வைத்திருக்கிற ஆளைத் தேடி அலைகிறார்கள். என் வண்டிக்கு முக்கால்வாசி வேலை ஸ்பேனரோடு முடிந்துவிடுகிறது.

டிக்கியைப் பற்றி ஒரு சமையல்காரன் சொன்னால் நம்பலாம். 510 லிட்டர் கொள்ளளவு என்று போட்டிருந்தார்கள். எங்களுக்கு லிட்டர் கணக்கு அண்டாவில்தான் புரியும். பெரிய வார்ப்பும் அடுப்பும் லோடு ஆட்டோவில் போய்விடும். காரில் போவது கையோடு இருக்க வேண்டிய சாமான்: இரண்டு நடுத்தர அண்டா, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தவலைகள், ஜாரணி, மளிகைப் பெட்டி. மறுவீட்டுக்குச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு, என்றால் இவற்றோடு தேங்காய் மூட்டை ஒன்றும் ஏறும். தலைப்பாலும் இரண்டாம் பாலும் எடுக்க எவ்வளவு தேங்காய் வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனையும் ஏற்றிக் கதவை அமுக்கினால் மூடும். குறை ஒன்றே ஒன்று, பின் சீட் மடங்காது. கிண்டுகிற நீளத் துடுப்பு டிக்கிக்குள் போகாமல், முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே சாய்ந்துதான் வருகிறது. பின்னால் உட்காரும் மூன்று பேரும் அதைத் தோளில் தாங்கிக்கொண்டு வருவார்கள். மூன்று பேர் என்று சொல்வது பெரிய ஆட்களையே. இந்த அகலம் அந்தக் காலத்து செடான்களில் அபூர்வம்.

ஓட்டத்தில் இதை விட்டால் எனக்கு வேறு கார் பிடிப்பதில்லை. ராதாபுரம் பக்கத்து உள்ரோடுகளில் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் உள்ளே இருக்கிற ரசம் தளும்பாது. ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது சின்ன கார்கள் கோட்டை விட்டு நகர்வதைப் பார்த்திருக்கிறேன். இது அசையாமல் போகும். 65 குதிரைத்திறன்தான், பெரிய வேகமெல்லாம் எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் கீழ் வேகத்திலேயே இழுவை இருக்கும். ஐந்து ஆளும் சாமானுமாக செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகாமல் ஏறும். லிட்டருக்குப் பதினெட்டு இன்றைக்கும் கொடுக்கிறது.

சரி, இன்ஜினுக்கு வருவோம். இந்தக் காரை வைத்துக்கொள்வதும் கண்டம் பண்ணுவதும் இங்கேதான் முடிவாகிறது. கே9கே என்ற 1461 சிசி டீசல் இன்ஜின் இது. டஸ்டர், லாட்ஜி, நிசான் சன்னி, டெரானோ எல்லாவற்றிலும் ஓடியது இதன் குடும்பம்தான். அதனால் இந்த இன்ஜினைத் தொட்டுப் பழகிய மெக்கானிக் நம் பக்கத்திலேயே கிடைக்கிறார். வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓடவைப்பதற்கு இதில் செயின் கிடையாது, டைமிங் பெல்ட் என்ற பல்லு வைத்த ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் போய்விடும். நடு ரோட்டில் நின்றுவிடும், செலவும் வண்டி விலைக்கு வந்து நிற்கும். எங்கள் தொழிலில் பந்திக்கு நேரமாகிவிட்டது என்றால் எந்தக் காரணமும் எடுபடாது. ஆகவே பெல்ட் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை தாங்கும் என்று யார் சொன்னாலும் நான் எண்பதாயிரத்தில் மாற்றிவிடுகிறேன். நம் வெயிலுக்கு அதுதான் சரி.

மேலப்பாளையத்தில் ஒரு பாய் பட்டறை வைத்திருக்கிறார். பெல்ட் வேலை அவர் கையில்தான். வலது முன் சக்கரத்தைக் கழற்றுவார், இன்ஜினுக்கு அடியில் கட்டையும் ஜாக்கியும் கொடுத்துத் தாங்கிவிட்டு மேலே இருக்கிற மவுண்டைக் கழற்றுவார். அப்புறம் வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்டுக்கு ஒரு பின், பிஸ்டன் சுற்றுகிற கிராங்க் ஷாஃப்டுக்கு ஒரு பின் போட்டு இரண்டையும் அசையாமல் பூட்டுவார். பின் போடாமல் ஒயிட்னரால் கோடு போட்டு பெல்ட் மாற்றுகிற ஆட்களும் உண்டு. அங்கே வண்டியை விடாதீர்கள். புது பெல்ட் ஏறியதும் இன்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி பின் சரியாக உள்ளே போகிறதா என்று பார்ப்பார். போனால்தான் ஸ்டார்ட். தண்ணி பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. "பெல்ட்ட மட்டும் மாத்திட்டு பம்ப விட்டா, அது ஒழுகும்போது மறுபடி இதே கூலி குடுக்கணும்லா அண்ணாச்சி" என்பார் பாய். பெல்ட், டென்ஷனர், ரோலர், பம்ப் நான்கும் சேர்ந்த செட்டாக வாங்குவதுதான் நியாயம்.

ஒரு கடையில் ஒரிஜினல் பெட்டிக்குள் வேறு பெல்ட்டை வைத்துக் கொடுத்தார்கள். பெல்ட் முதுகில் இருக்கிற எழுத்து நகத்தால் சுரண்டியதும் வந்துவிட்டது. பாய் அதைத் தொடவே மாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து பெல்ட்டையும் ஃபில்டரையும் பில் போட்டுக் கொடுக்கிற கடையில் மட்டுமே வாங்குகிறேன்.

ஆயிலில் சிக்கனம் கூடவே கூடாது. ஐரோப்பாவில் இந்த இன்ஜினின் பழைய வகைகளுக்கு கனெக்டிங் ராடு பேரிங் தேயும் என்ற கெட்ட பெயர் உண்டு. ஆயிலை ரொம்ப தூரம் மாற்றாமல் ஓட்டியதைத்தான் அதற்குப் பெரிய காரணமாகச் சொல்வார்கள். நான் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை 5டபிள்யூ-40 ஆயில் ஊற்றுகிறேன். பேரிங் சத்தம் இதுவரை கேட்டதில்லை. டீசல் ஃபில்டரும் முக்கியம், டீசலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சுகிற இந்தக் காமன் ரயில் வகை இன்ஜினுக்குத் தண்ணீரும் தூசியும் ஆகாது. ஃபில்டர் மாற்றினால் டீசல் குழாயில் இருக்கிற கறுப்பு ரப்பர் பல்பை அது கெட்டியாகும் வரை அமுக்கிக் காற்றை எடுக்க வேண்டும். அதற்குமுன் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் போகும்.

மற்றபடி இந்த வயதுக்கு வரவேண்டிய செலவுகள் வந்தன. கிளட்ச் செட், லோயர் ஆர்ம், டிரைவ் ஷாஃப்ட் பூட், ஷாக் அப்சார்பர். ஏசியில் கேஸ் இறங்கி கூலிங் காயில் மாற்றியதுதான் கொஞ்சம் கனமான செலவு, டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருந்தது. திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் போய்வந்தால் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறேன். உப்புக்காற்று விடாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி தண்ணீருக்குள் நின்றது. மார்கழி பிறந்துவிட்டதால் கல்யாண வேலை இல்லை. சிந்துபூந்துறையில் அக்கா வீட்டு வாசலில் விட்டிருந்தேன். தாமிரவருணி ஊருக்குள் வந்து, கதவின் பாதி வரை ஏறி இறங்கியது. சாவியைப் போடவே இல்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனோம். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டீசல் எல்லாவற்றையும் வடித்துக் கொட்டினோம். ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றி, செல்ஃப் மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்துக் காயவைத்தோம். சீட்டைக் கழற்றினால் தரைவிரிப்புக்கு அடியில் ஆற்று வண்டல் விரல்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணியபோது எந்த மாற்றமும் இல்லாமல் ஓடியது. அதே தெருவில் நின்ற எத்தனையோ புது வண்டிகள் இன்சூரன்ஸ் கணக்கில் தீர்ந்துபோயின.

சின்னச் சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஹாரன் ஸ்டியரிங் நடுவில் கிடையாது, இண்டிகேட்டர் கம்பியின் நுனியை அமுக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் நயினார்குளம் மார்க்கெட் நெரிசலில் திண்டாடுவார்கள். கண்ணாடி இறக்கும் சுவிட்ச் கதவில் இல்லாமல் நடுவில் இருக்கிறது. சக்கரத்துக்கு நட்டு இல்லை, போல்ட்டுதான். ஸ்டெப்னி மாற்றும்போது சக்கரத்தைத் தூக்கி ஓட்டையை நேர் பார்த்துப் பிடிக்க இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. உள் பிளாஸ்டிக்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தபோது கட்டணம் 5000 ரூபாய், பசுமை வரி தனி. ஐந்து வருடத்துக்குக் கொடுத்தார்கள். அதற்காக பிரேக், லைட், டிங்கரிங் வேலை எல்லாம் பார்த்தோம். எப்படியும் செய்யவேண்டிய வேலைதான்.

வாங்க நினைப்பவர்கள் டாக்சியாக ஓடிய வண்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு, வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்பே மாற்றுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். உடைந்த லைட், கதவுக் கைப்பிடி மாதிரி சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்தால் ஆம்னி பஸ் பார்சலில் மறுநாள் காலை வந்துவிடும். முன் பம்பர் மட்டும் லோகனுக்கு வேறு, வெரிட்டோவுக்கு வேறு. போட்டோ அனுப்பிக் கேட்டு வாங்குங்கள்.